சிங்கப்பூரில் நாலு பார் ஐஸ்

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் குளிர்தான் முதலில் உறைத்தது. ஓர் ஊர் அளவுக்கு இருக்கும் கட்டடம் முழுவதையும் இப்படிக் குளிர வைத்திருக்கிறார்களே என்று வாய் பிளந்துகொண்டே நடந்தேன். நான் வந்ததோ, தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பழைய ஐஸ் பிளான்ட் ஒன்றுக்குப் பணம் போட ஆள் தேடி. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

எங்கள் ஊர் மீன்காரப் பெண்கள் சங்கத்துக்கு நான் செயலாளர். எனக்கு மீன் விற்கத் தெரியாது, சமைக்கவும் சாப்பிடவும் தெரியும். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள், ஆங்கிலம் ஓரளவு பேசுவேன் என்பதால் ஊருக்கு எந்த வெள்ளைக்காரர் வந்தாலும் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளித் தள்ளியே சிங்கப்பூர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

பிளான்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குளிர்நாட்டு அரசாங்கம் தன் மக்களின் வரிப்பணத்திலிருந்து உதவியாகக் கொடுத்ததில் கட்டியது அது. பன்னிரண்டு வருடம் உப்புக் காற்றில் நின்று கம்ப்ரசர் களைத்துப்போய்விட்டது. மறுபடியும் உதவி கேட்டு எழுதினோம். இந்த முறை பதில் வேறு மாதிரி வந்தது. இனிமேல் நேராகக் கொடுப்பது இல்லையாம். தனியார் முதலீட்டாளர் ஒருவரை வரவழைக்கத்தான் அந்தப் பணமாம். அவர் பெரிய தொகை போடுவார், உதவிப் பணம் அவருக்கு முன்னால் நிற்கும், நஷ்டம் வந்தால் முதலில் கரைவது உதவிப் பணம், அவர் பணம் கடைசியில்தான் கரையும்.

"அப்போ உதவி நமக்கு இல்ல, பயப்படுற பணக்காரருக்கு" என்று சங்கக் கூட்டத்தில் நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கூடவே புதுப் பிளான்ட், பக்கத்தில் குளிர்கிடங்கு, லாரி வந்து நிற்கச் சிமென்டுத் தளம் என்று படமும் அனுப்பியிருந்தார்கள். பழைய முறையில் கேட்டால் ஒரு கம்ப்ரசர் வந்திருக்கும். புது முறையில் இவ்வளவும் வரும். சிரித்து முடித்துவிட்டு ஒப்புக்கொண்டோம்.

என்னை அழைத்துப்போக சித்தி மகன் அந்தோணி வந்திருந்தான். சாங்கியிலேயே சரக்குப் பிரிவில் வேலை செய்கிறவன். ரயிலில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் என் பையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"யக்கா, உள்ள என்ன வச்சிருக்க?"

"நெத்திலிக் கருவாடு. நாலு உறை போட்டுக் கட்டிருக்கேன், வாசம் வராது."

நாலு உறையையும் தாண்டி அது வந்துகொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சீனப் பெண்மணி எழுந்து இரண்டு கதவு தள்ளிப்போய் நின்றார். ரயிலில் டுரியான் பழம் கொண்டுவரக் கூடாது என்று படம் போட்டு ஒட்டியிருந்தது. கருவாட்டுக்குப் படம் இல்லை என்ற ஒரே தைரியத்தில் குவீன்ஸ்டவுன் வரை போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஊர் பஸ்ஸில் மீன் கூடையோடு ஏறினால் கண்டக்டர் இறங்கும்வரை திட்டிக்கொண்டே வருவார். இங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் எழுந்து போய்விடுகிறார்கள். எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தோணியின் வீடு பழைய அடுக்குமாடி ஒன்றில் ஒன்பதாவது மாடி. அவன் மனைவி லில்லி இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா' வந்து ஒட்டிக்கொள்ளும். கருவாட்டைக் கண்டதும் அவள் முகத்தில் சந்தோஷமும் கவலையும் ஒன்றாக வந்தன. "அக்கா, சூப்பர். ஆனா இத இன்னைக்கு பொரிக்க வேணாம் லா. நெக்ஸ்ட் டோர் ஆன்ட்டி கம்ப்ளெயின் பண்ணுவாங்க" என்று பொட்டலத்தை மூடிபோட்ட டப்பாவுக்குள் வைத்து, அந்த டப்பாவை இன்னொரு டப்பாவுக்குள் வைத்தாள்.

சாயங்காலம் ரோசம்மாள் மைனி போன் செய்தாள். என் அண்ணன் மனைவி. அண்ணனுக்கு முழங்கால் போனதிலிருந்து வீடு அவள் கூடையில்தான் நடக்கிறது.

"ஏளா ஸ்டெல்லா, போய்ச் சேந்துட்டியா? சாப்ட்டியா?"

"சேந்துட்டேன் மைனி. சாப்ட்டேன்."

"அந்தப் பெரிய மனுசங்ககிட்ட நம்ம கூடை ஐஸ மறக்காமச் சொல்லிரு, என்னா."

"அதச் சொல்லாம வருவனா" என்றேன்.

கூடை ஐஸ் என்பது எங்கள் ஊர் வழக்கம். பிளான்ட் ஓடிய முதல் நாள் நாலு பார் ஐஸ், அதாவது நாலு பெரிய கட்டி, எடுத்த கையோடு கரன்ட் போய்விட்டது. நாலு பாரை வைத்துக்கொண்டு படகுக்காரர்கள் என்ன செய்வார்கள், வேண்டாம் என்று போய்விட்டார்கள். கூடைக்காரப் பெண்கள் அதை உடைத்து ஆளுக்கு ஒரு சட்டி அள்ளிக்கொண்டார்கள். அன்றைக்கு அவர்கள் மீன் மத்தியானம் வரை கண் வெளுக்காமல் இருந்தது. மறுநாள் கரன்ட் இருந்தது, ஆனாலும் முதல் நாலு பாரை யாரும் தொடவில்லை. அதிலிருந்து விடியற்காலை ஏலத்துக்கு முன்னால் எடுக்கும் முதல் நாலு பார் கூடைக்கு என்று ஆகிவிட்டது. விலை கிடையாது. பெரிய படகு வைத்திருப்பவர்கள் கூட அந்த நாலு பார் உடைந்து முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அந்த ஒரு சட்டி ஐஸ் இருந்தால் மைனி முதல் பஸ் ஏறி உள்நாட்டு ஊர்களுக்குப் போய் நிதானமாக விற்றுவிட்டு வருவாள். இல்லாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் கடற்கரைச் சாலையிலேயே வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். நான் சிங்கப்பூரில் காப்பாற்ற வேண்டியிருந்தது இதைத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். அந்தோணி விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டான். ரயிலில் தனியாகப் போய்விடுவேன் என்று லில்லியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். குவீன்ஸ்டவுன் நிலையத்தில் முதலில் வந்த ரயிலில் ஏறி, இடமும் கிடைத்து, சங்கத்துப் படங்களைப் புரட்டிக்கொண்டு வந்தேன். ஊர் அழகாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உயரக் கட்டடங்கள் வரவேண்டிய நேரத்தில் கிரேன்களும் கிடங்குகளும் வரத் தொடங்கின.

பக்கத்தில் கனத்த பூட்ஸ் போட்ட ஒரு தம்பி தூங்கி வழிந்துகொண்டிருந்தான். தொட்டு எழுப்பிக் கேட்டேன்.

"அய்யோ அம்மா, இது கப்பல் பட்டறைக்குப் போற பக்கம்ல. டவுனுக்கு எதுத்தாப்புல போகணும்" என்றான். சிவகங்கைப் பக்கம் ஊராம். அடுத்த நிலையத்தில் என்னோடு இறங்கி, எதிர்ப் பக்க ரயிலில் என்னை ஏற்றிவிட்ட பிறகுதான் தன் வண்டிக்குத் திரும்பினான். அன்றைக்கு வேலைக்கு லேட்டாகப் போயிருப்பான். பேர் கேட்கவும் மறந்துவிட்டேன்.

கூட்டம் நடந்த கட்டடத்தின் வாசலில் ப்ரீத்தி காத்துக்கொண்டிருந்தாள். உதவி கொடுக்கும் அமைப்பின் சிங்கப்பூர் அலுவலகத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கும். ஊரிலிருந்து வீடியோவில் பேசியபோதே எனக்குப் பிடித்துப்போனவள். லிஃப்டில் மேலே போகும்போது எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, ரிலாக்ஸ். ஒண்ணே ஒண்ணு. ஹெல்ப் கேக்குற மாதிரி பேசாதீங்க. பார்ட்னர் மாதிரி பேசுங்க. பாவம் பாத்து பணம் போடுற ஆளுங்க இல்ல லா இவங்க."

பார்ட்னர் என்ற அந்தச் சொல் எனக்கு இனித்தது. சின்ன வயதில் மாதா கோயில் வாசலில் வெளிநாட்டுப் பால்பவுடருக்கு டம்ளரை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றவள் நான். வரிசையில் நிற்கும்போது ஃபாதர் எங்களைப் போட்டோ வேறு எடுப்பார், அனுப்பியவர்களுக்குக் காட்ட. அந்த டம்ளரை இன்றோடு கீழே வைத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டே ப்ரீத்தியோடு கூட்ட அறைக்குள் போனேன்.

அங்கே தலைமையாக இருந்தவர் மிஸ்டர் லிம், பெரிய தொகை போடப்போகிற முதலீட்டாளர். அறுபது வயது, மெலிந்த மனிதர், குரல் உயராது. குளிர்நாட்டு அதிகாரி சுவரில் திரையில் தெரிந்தார், அங்கே அப்போது விடிந்திருக்கவே இல்லை. நான் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "ரயில் மாறி ஏறியவர்கள்தான் ஊரை நன்றாகப் பார்க்கிறார்கள்" என்றார் லிம். கெட்டவர் ஒருவரை எதிர்பார்த்துப் போயிருந்த எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

படங்களைக் காட்டினேன், நன்றாகத்தான் பேசினேன். எத்தனை படகு, எந்த மாதம் எந்த மீன், தடைக்காலத்தில் என்ன நடக்கும், கரன்ட் எப்போது போகும் எல்லாம் சொன்னேன். கடைசியில் கூடை ஐஸையும் சொன்னேன். முதல் நாள் கரன்ட் போன கதையைக்கூடச் சொன்னேன். எல்லோரும் ரசித்துக் கேட்டார்கள். மிஸ்டர் லிம் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "அழகான வழக்கம். அது எங்காவது எழுத்தில் இருக்கிறதா? பிளான்டில் எடுக்கும் ஐஸில் யாருக்காவது முன்பாத்தியதை என்று பத்திரம் ஏதாவது?"

அங்கேதான் என் வாய் என்னைக் கெடுத்தது. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "எழுத்தில் எதுவும் இல்லை. எங்கள் ஊரில் அதற்குக் காகிதம் தேவையும் இல்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் அதை மீறியதில்லை."

எங்கள் ஊரின் பெருமையைச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவர் தலையை மெல்ல அசைத்து ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டார். மதிப்பாக ஏதோ எழுதுகிறார் என்று நம்பி, நானும் பதிலுக்குத் தலையை அசைத்தேன்.

சனிக்கிழமை ப்ரீத்திக்கு விடுமுறை. லிட்டில் இந்தியாவைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனாள். சிராங்கூன் சாலையில் பூ, நகை, பாத்திரம், மளிகை என்று எல்லாம் நம் ஊர்தான், என்ன ஒன்று, சாலையைக் கடக்க எல்லோரும் பச்சை விளக்குக்காக நிற்கிறார்கள். மல்லிகைப் பூ விற்ற அம்மா நம் ஊர்ப் பெண்களைப் போல முழம் போட்டுத்தான் கொடுத்தார். ஆனால் முழங்கை வேறு மாதிரி, கொஞ்சம் சின்னது.

மீன் கடைகளைப் பார்க்காமல் வர மாட்டேன் என்றதால் தேக்கா சந்தைக்குள் நுழைந்தோம். தரை வழுக்காமல் கழுவிவிட்டிருந்தார்கள். சீலா, வாவல், சங்கரா, ஊளி, பெயர் தெரியாத இரண்டு மூன்று, எல்லாம் ஐஸ் மேட்டில் படுத்திருந்தன. பழக்கதோஷத்தில் ஒரு சீலாவின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டேன்.

"நல்ல மீனும்மா, நேத்து ராத்திரி இறங்குனது. நீங்க கடக்கரைக்காரங்களா?" என்றார் கடைக்காரர்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மத்தவங்க கண்ணப் பாப்பாங்க, நீங்க நேரா செவுளுக்குப் போயிட்டீங்க."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடையைக் கட்டினார்கள். மிச்சம் இருந்த ஐஸை மண்வெட்டியால் அள்ளி வடிகாலில் தள்ளினார் ஒருவர். நம் நாலு பாருக்குக் குறையாது. எங்கள் பிளான்ட் வாசலில் சட்டியோடு நிற்கிற பெண்களை அப்படியே இங்கே கொண்டுவந்து நிறுத்தலாம் போலிருந்தது. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கடையைச் சுத்தம் செய்கிறார், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக் கடைகள் பக்கத்திலேயே இருந்தன. இடம் பிடிக்க முடியாத கூட்டம். ப்ரீத்தி கைப்பையிலிருந்து ஒரு சின்ன டிஷ்யூ பொட்டலத்தை எடுத்துக் காலி மேசையில் வைத்துவிட்டு வாங்கக் கிளம்பினாள்.

"யாராச்சும் வந்து உக்காந்துட்டா?" என்றேன்.

"உக்கார மாட்டாங்க அக்கா. டிஷ்யூ இருந்தா அது நம்ம டேபிள்."

நாங்கள் பிரியாணியும் மீன் தலைக்கறியும் வாங்கிக்கொண்டு வருகிறவரை மேசை எங்களுக்காகக் காத்திருந்தது. தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடி அலைந்தவர்கள் அந்தப் பொட்டலத்தைப் பார்த்து விலகிப் போனதை நானே பார்த்தேன். எனக்கு ஒரே குதூகலம். "பாத்தியாம்மா, இங்கயும் காகிதம் கிடையாது, பத்திரம் கிடையாது. எங்க கூடை ஐஸ் மாதிரிதான்" என்றேன்.

ப்ரீத்தி சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். "அக்கா, இது சாப்பாட்டு டேபிளுக்கு. காண்ட்ராக்டுக்கு இல்ல லா. நேத்து மிஸ்டர் லிம் ஒரு வரி எழுதினாரே, என்ன எழுதினாருன்னு தெரியுமா?"

"என்ன?"

"முன்பாத்தியதை எதுவும் இல்லன்னு. நீங்க சொன்னதத்தான் எழுதினாரு, நேத்து சாயங்காலமே டிராஃப்ட்ல வந்துருச்சு. புதுக் கம்பெனி வந்ததுக்கு அப்புறம் கூடை ஐஸ்னு ஒண்ணு கிடையாது. பேப்பர்ல இல்லாதது அவங்களுக்கு இல்லாததுதான்."

மீன் தலைக்கறி நல்ல காரமாகத்தான் இருந்தது. தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

அவள் என் பக்கம் சாய்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப்போல மெதுவாகச் சொன்னாள். "இன்னும் டைம் இருக்கு. உதவிப் பணம் இப்ப உள்ள இருக்கு பாருங்க, அது இருக்குற வரைக்கும்தான் நாம கண்டிஷன் கேக்க முடியும். அது பப்ளிக் மணி. ஏழைங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னு கொடுக்குறவங்க அவங்க ஊர் ஜனங்களுக்குக் காட்டியே ஆகணும். நீங்க கேட்டா சந்தோஷமா சேத்துப்பாங்க. மிஸ்டர் லிம்முக்கு நாலு பார் ஒரு விஷயமே இல்ல. திங்கக்கிழம காலைல டாக்குமென்ட் முடிச்சிருவாங்க. அதுக்குள்ள ஒரு மெயில், ரெண்டே வரி."

"நீயே எழுதிச் சேத்துரலாமேம்மா?"

"நான் எழுத முடியாது அக்கா. சங்கத்துலருந்துதான் வரணும்."

பார்க்கலாம்மா என்றேன். தப்பைச் செய்தவள் நான், எனக்குக் கோபம் வந்தது அவள் மேல். இதை நேற்றே கூட்டத்தில் என் காலை மிதித்துச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். அவள் மொழிபெயர்க்க வந்தவளும் இல்லை, என் காலை மிதிக்க வந்தவளும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு அந்தோணி குடும்பத்தோடு போனேன். கோயில் நிறைந்திருந்தது. பட்டுச்சேலைக்காரர்கள் ஒரு பக்கம், கம்பெனி சட்டையோடு வந்த தொழிலாளர்கள் ஒரு பக்கம், பாட்டு மட்டும் ஒன்றாகச் சேர்ந்து எழும்பியது. பூசை முடிந்து மண்டபத்தில் காப்பியும் சேமியா மாதிரி ஏதோ ஒன்றும் கொடுத்தார்கள். பீஹூன் என்றாள் லில்லி. இந்த ஊருக்கு என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்ட பெண்களிடம், "எங்க சங்கம் ஒரு கம்பெனியோட பார்ட்னரா சேருது" என்று சொல்லிக்கொண்டேன். மூன்று பேரிடம் சொன்னேன். மூன்று தடவையும் எனக்கு நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டு மேசையிலேயே போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் முதல் வரியை எழுதினேன்: முதல் நாலு பார் ஐஸைக் கூடைக்காரப் பெண்களுக்கு இலவசமாகத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். வாசித்துப் பார்த்தேன். இலவசமாக, கேட்டுக்கொள்கிறோம். அதே டம்ளர், அதே வரிசை. அழித்தேன்.

உரிமை என்று எழுதிப் பார்த்தேன். அப்படி எழுதினால், வெள்ளிக்கிழமை இல்லை என்றவளுக்கு ஞாயிற்றுக்கிழமை உரிமை எங்கிருந்து வந்தது என்று லிம் கேட்பாரே. காகிதம் வேண்டாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னவள் இரண்டு நாள் கழித்துக் காகிதம் கேட்டுப் போய் நிற்பதா? அதையும் அழித்தேன். சலுகை என்று எழுதினேன், அழித்தேன். அதற்குள் இன்னொரு பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த நாலு பாரைப் பிடித்துக்கொண்டு நான் முரண்டு பண்ணி, முதலீட்டாளர் பின்வாங்கிப் பிளான்டே வராமல் போனால் ஊருக்கு யார் பதில் சொல்வது? லிம்முக்கு நாலு பார் ஒரு விஷயமே இல்லை என்று ப்ரீத்தி சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் அந்தப் பயத்தை நான் விடவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

லில்லி வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன அக்கா, ரொம்ப நேரமா டைப் பண்றீங்க? ஹெல்ப் வேணுமா?"

"ஒண்ணுமில்லம்மா, ஊருக்கு மெசேஜ்" என்றேன். ஊரில் போய் நேரில் பேசிக்கொள்ளலாம், கம்பெனிக்காரர்களும் மனுசர்கள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனை மூடி வைத்தேன். அன்று சாயங்காலம் லில்லி துணிந்து கருவாடு பொரித்தாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டி, கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

திங்கள் காலை சாங்கியில் விமானத்துக்குக் காத்திருந்தபோது ப்ரீத்தியின் செய்தி வந்தது. "அக்கா, மெயில் ஒண்ணும் வரலயே. இப்படியே ஃபைனல் பண்ணலாமா? ஓகேவா?" திரையில் என் விமானத்தின் பெயர் வந்துவிட்டிருந்தது. கட்டை விரலை உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினேன். அதற்கு இரண்டு வினாடி ஆகியிருக்கும்.

புதுப் பிளான்ட் சொன்ன மாதிரியே வந்தது. குறை சொல்ல எனக்கு வாயில்லை. கரன்ட் போனால் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்கிறது, படகுக்காரர்கள் ஐஸுக்காகப் பக்கத்து ஊருக்கு ஓடுவதில்லை, சங்கத்து வீடுகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு உள்ளே வேலை கிடைத்திருக்கிறது. திறப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போட்டார்கள். குளிர்நாட்டு அதிகாரி இந்த முறை திரையில் இல்லாமல் நேரிலேயே வந்து, உதவிப் பணம் எத்தனை மடங்கு தனியார் பணத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று பெருமையாகப் பேசினார். அது உண்மைதான்.

மறுநாள் விடியற்காலை கூடைக்காரப் பெண்கள் வழக்கம்போலச் சட்டியோடு வாசலில் போய் நின்றார்கள். எனக்கு ஆள் வந்தது, ஓடினேன். மேனேஜர் சென்னைப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். "மேடம், காலைல எடுக்குறது எல்லாம் எக்ஸ்போர்ட் லாரிக்கு புக் ஆயிருக்கு. சில்லறை ஐஸ் ஒன்பது மணிக்கு கவுன்டர்ல கிடைக்கும். அக்ரிமென்ட்ல வேற எதுவும் இல்லையே" என்று ஃபைலையே எடுத்துவந்து காட்டினான். அதில் எங்கள் சங்கத்தின் முத்திரையும், பிறகு ஊருக்கு வந்த காகிதத்தில் நான் போட்ட கையெழுத்தும் இருந்தன. நேரில் பேசிக்கொள்ளலாம் என்று நான் வைத்திருந்த பேச்சு அத்தோடு முடிந்தது. ஒன்பது மணிக்கு முதல் பஸ் போய் எத்தனையோ நேரம் ஆகியிருக்கும்.

கூடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மைனி இப்போது உள்நாட்டு ஊர்களுக்குப் போவதில்லை. கடற்கரைச் சாலை முக்கில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்கிறாள், வெயில் வருவதற்குள் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். ஒரு நாள் அந்த வழியாகப் போன என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள். சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஏளா, நீ அங்க போயிருந்தப்ப கூடை ஐஸக் கேட்டியா?"

"கேட்டேன் மைனி" என்றேன். "அவங்க ஒத்துக்கல."

அவள் மீன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள். "போவுது விடு. அவ்வளவு பெரிய ஆளுக. நீ ஒத்தப் பொம்பள, தனியா என்னத்தச் செஞ்சிருப்ப." வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் இரண்டு சங்கராவை என் பையில் போட்டாள்.

அவர்கள் ஒத்துக்கொள்ளாமல் இல்லை மைனி. நான் கேட்கவே இல்லை.